தாமான் வீட்டுச் சன்னலுக்குத் திரைச்சீலையா, பிளைண்ட்ஸா?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பலர் முதலில் போய் நிற்கும் இடம் திரைச்சீலைக் கடைதான். கண்ணாடிச் சன்னல் வழியே தெருவில் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே பார்க்கிறார்களே என்ற அவசரம். கடைக்காரரும் "ஹால், மூணு ரூம், குசினி, எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று விலை சொல்லிவிடுவார். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்ட வீட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவரும் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒரு சன்னலுக்குத் திரைச்சீலை பொருந்தும், அடுத்ததற்கு பிளைண்ட்ஸ் (துணியாலோ தகட்டாலோ ஆன, ஏற்றி இறக்கும் மறைப்பு) பொருந்தும், இன்னொன்றுக்கு இரண்டுமே தேவைப்படாது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சின்ன மரச் சன்னல், பலகைக் கதவு, பாதி உயரத்துக்கு ஸ்பிரிங் கம்பியில் கோத்த ஒரு துணி, அவ்வளவுதான். தாமான் வீடு அப்படியில்லை. ஹாலில் அகலமான கண்ணாடி, அறைகளில் வெளிப்பக்கம் திறக்கும் சன்னல், குசினியிலும் குளியலறையிலும் நாக்கோ, அதாவது கண்ணாடித் தகடுகளைச் சாய்த்துத் திறக்கும் சன்னல். ஒவ்வொன்றும் வேறு மாதிரி திறக்கிறது, வேறு திசையைப் பார்க்கிறது.

அதனால் முதல் வாரம் ஒன்றும் வாங்க வேண்டாம். பழைய படுக்கை விரிப்பையோ கைலியையோ கிரில்லில் கட்டி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வாரம் வீட்டில் வாழ்ந்து பார்த்தால், எந்தச் சன்னல் தொல்லை தருகிறது, எது தானாகவே நல்லபடியாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் வேலை: வெயிலைக் கவனிப்பது

ஒரு தாளில் வீட்டைக் கோடு போட்டு வரைந்து, ஒவ்வொரு சன்னலுக்கும் ஓர் எண் கொடுங்கள். காலை ஒன்பது மணி, மதியம் ஒன்றரை, மாலை ஐந்தரை ஆகிய மூன்று நேரத்திலும் எந்தச் சன்னல் வழியாக வெயில் தரையில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் உள்ள திசைகாட்டி போதும்.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகை சொச்சம்தான். அதனால் வடக்குச் சன்னலுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், தெற்குச் சன்னலுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலும் கொஞ்சம் வெயில் வரும். ஆனால் அந்த வெயில் தலைக்கு மேலிருந்து வருவது. கூரை இரண்டு மூன்றடி வெளியே நீண்டிருந்தாலே பெரும்பகுதி சன்னலைத் தொடாமல் போய்விடும். உண்மையான தொல்லை கிழக்கிலும் மேற்கிலும்தான், அதிலும் மேற்குதான் அதிகம். காலை வெயில் விழும்போது இரவில் ஆறிய சுவர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். மாலை வெயில் விழும்போது வீடு முழுக்க ஏற்கெனவே காய்ந்துபோயிருக்கும்.

கடிகாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒன்றேகால் மணி வாக்கில்தான். மேற்குச் சன்னலில் வெயில் இரண்டரை மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரைக்கும் நிற்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வதும், வேலை முடிந்து வருபவர்கள் கால் நீட்டி உட்காருவதும் அந்த நேரத்தில்தானே.

மேற்கு வெயிலுக்கு உள்ளே எதை மாட்டினாலும் பாதி வேலைதான் நடக்கும். காரணம் எளிது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் துணி அதைத் தடுக்கிறது. துணி சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. கண்ணாடிக்கு வெளியே தடுத்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி உள்ளே வராது. ஆகவே மேற்குச் சன்னலுக்கு நேரே கார் நிறுத்தும் கூரையோ, பின்பக்கக் கூரையோ இருந்தால், முதல் காசை அங்கே தொங்கவிடும் பிடாய்க்கு, அதாவது மூங்கில் தட்டிக்குச் செலவு செய்யுங்கள். கயிறு இழுத்துச் சுருட்டும் சாதாரண பிடாய் போதும். வார்னிஷ் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றும் பூசாத மூங்கிலைப் பொடிவண்டு துளைக்கும். கீழே வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கினால் அது வண்டு வேலை. அடிப்பக்கத்தைக் கட்ட இரண்டு கொக்கி போடுங்கள், இல்லையென்றால் மாலை இடிமழைக்கு முன் வரும் காற்று அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கும்.

வெளியே தடுக்க வழியில்லாத மாடிச் சன்னலுக்கு, கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ உள்ள துணியைத் தேர்ந்தெடுங்கள். வெளிர் நிறம் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். அறைப்பக்கம் எந்த நிறம் இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் காற்று

விலை, நிறம், அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் வைப்பேன். தோட்டத்துப் பக்கம் பெரும்பாலான வீடுகள் காற்றாடியையும் திறந்த சன்னலையும் நம்பித்தான் இருக்கின்றன. ஏர்கோன் இருந்தாலும் ஓர் அறையில், அதுவும் இரவில்தான். சன்னலைத் திறந்து வைத்தால்தான் வீடு வாழத் தக்கதாக இருக்கும் என்றால், அந்தச் சன்னலில் மாட்டும் பொருள் காற்றை விட வேண்டும்.

குழாயில் சுருளும் துணியான ரோலர் பிளைண்டை முழுக்க இறக்கிவிட்டால் காற்று நின்றுபோகும். சன்னல் திறந்திருந்தால் முழுத் துணியும் சேர்ந்து ஆடி, அடியில் உள்ள கட்டை சட்டத்தில் டக் டக் என்று மோதிக்கொண்டே இருக்கும். இரவில் தூங்க விடாது. திரைச்சீலையை ஓரத்துக்கு ஒதுக்கலாம், பாதி மூடலாம், மெல்லிய துணியாக இருந்தால் மூடியபடியே காற்று வரும். வெனிசியன் பிளைண்டின் குறுக்குத் தகடுகளைச் சாய்த்து வைத்தால் காற்றும் வரும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே தெரியாது. இந்த ஒரு வேலையில் வெனிசியனை வேறு எதுவும் மிஞ்சாது.

ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "திறந்தே இருக்கும்", "மூடியே இருக்கும்" என்று எழுதுங்கள். திறந்தே இருக்கும் சன்னலுக்கு ரோலரும், இரண்டு அடுக்குத் துணியான சீப்ராவும் வேண்டாம். மூடியே இருக்கும் ஏர்கோன் அறைக்கு அவை நன்றாகப் பொருந்தும்.

கிரில்லைப் பாருங்கள்

நம் ஊரில் கிரில் இல்லாத சன்னல் அபூர்வம். கடைகளில் மாட்டி வைத்திருக்கும் மாதிரிச் சன்னலில் கிரில் இருக்காது என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கிரில் பெரும்பாலும் சன்னல் குழிக்குள்ளேயே (சுவரில் சன்னல் உட்கார்ந்திருக்கும் பள்ளம்), கண்ணாடிக்கு உட்புறம் பொருத்தப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் பிளைண்டைக் குழிக்குள் மாட்ட ஆழம் கிடைக்காது. சுவரின் மேல், குழிக்கு வெளியேதான் மாட்ட வேண்டும். கிரில்லின் முன்பக்கத்திலிருந்து சுவர் விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைவென்றால் குழிக்குள் மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

நாக்கோ சன்னலில் கைப்பிடி பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். பிளைண்ட் இறங்கும்போது அதில் மாட்டும். கிரில்லுக்குள் கையை விட்டுத் திறக்கும் சன்னல்களுக்கு, ஒவ்வொரு முறையும் பிளைண்டை ஏற்றிய பிறகுதான் கை போகும். நாளுக்கு நான்கு முறை திறந்து மூடும் சன்னலுக்கு இது பெரிய சலிப்பு. திரைச்சீலை என்றால் கையால் ஒதுக்கினால் முடிந்தது.

இன்னொன்று. திறக்கக்கூடிய கிரில் என்றால் அதன் சாவியைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். தீ பிடித்தால் இருட்டில் பிள்ளைகளும் எடுக்கும்படி ஒரே இடத்தில் தொங்கட்டும்.

பிளைண்ட்ஸ் வகைகள், சுருக்கமாக

ரோலர் என்பது ஒரே துணி, குழாயில் சுருளும். துடைப்பது சுலபம், இடம் பிடிக்காது. முழு இருட்டுத் துணியிலும் வரும், வெளியே மங்கலாகத் தெரியும் வலைத்துணியிலும் வரும். இருட்டுத் துணி என்றாலும் இரு ஓரத்திலும் வெளிச்சக் கோடு தெரியும். குழாயைத் தாங்கும் பிடிக்கு இடம் விட்டுத்தான் துணி வெட்டுவார்கள்.

சீப்ரா இப்போது புதுத் தாமான்களில் எல்லா வீட்டிலும் தெரிகிறது. துணிப்பட்டையும் வலைப்பட்டையும் மாறி மாறி வரும் இரண்டு அடுக்கு. பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு அடுக்குக்கும் நடுவே தூசி புகுந்தால் எடுப்பது கடினம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும் மண்சாலைக்குப் பக்கத்து வீட்டுக்கு நான் சீப்ராவைச் சொல்லவே மாட்டேன்.

வெனிசியனில் அலுமினியத் தகடுதான் நம் ஈரப்பதத்துக்கு ஏற்றது. நிஜ மரத்தகடு வளையும், கரையானும் வரும். மரம்போல் தெரியும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு ஈரத்தைத் தாங்கும், ஆனால் அகலமான சன்னலுக்கு எடை அதிகம். தகடு தகடாகத் துடைக்கும் வேலைக்கு வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

செங்குத்துப் பட்டை பிளைண்ட், காற்றாடி சுற்றும் ஹாலில் சிக்கிக்கொண்டே இருக்கும். ஆபீசுக்கு விட்டுவிடலாம்.

யாராவது பழைய பிளாஸ்டிக் வெனிசியனை இலவசமாகத் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளாதீர்கள். 1996-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், சீனா, தைவான், இந்தோனேசியா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் செய்த வினைல் வெனிசியன்களில் ஈயம் இருப்பதாக எச்சரித்தது. வெயிலிலும் சூட்டிலும் பிளாஸ்டிக் சிதைந்து, ஈயத்தூசி தகட்டின் மேல் படிகிறது. குழந்தை அதைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். வயது தெரியாத பழைய வினைல் பிளைண்ட் இருந்தால் தூக்கிப்போடுவதே நல்லது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடா? இதை முதலில் படியுங்கள்

பிளைண்டை ஏற்றி இறக்கும் கயிறும் மணிச்சங்கிலியும் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். இது எங்கோ ஒருமுறை நடக்கும் சங்கதி இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2015 வரை ஆறு வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 16,800 பிள்ளைகள் சன்னல் பிளைண்டால் அடிபட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டதாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரும்பாலானவை சிறு அடிகள். ஆனால் கயிறு சிக்கிய சம்பவங்களில் உயிரிழப்புகள் உண்டு. கழுத்து இறுகினால் குழந்தையால் கத்த முடியாது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்குச் சத்தமே கேட்காது.

தத்தித் தத்தி நடக்கும் வயதில் பிள்ளை இருந்தால், பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடாக இருந்தாலும் சரி, கயிறே இல்லாத வகையைக் கேளுங்கள். அடிக்கட்டையைக் கையால் பிடித்துத் தூக்கினால் சுருளும் ஸ்பிரிங் வகை உண்டு. விலை கூடத்தான், அதற்காக யோசிக்க வேண்டாம். ஏற்கெனவே மணிச்சங்கிலி வகை மாட்டியிருந்தால், சங்கிலியின் அடியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் பிடிப்பானை இன்றைக்கே திருகிவிடுங்கள். சங்கிலி தளர்ந்து வளையமாகத் தொங்கக் கூடாது. தொங்கும் கயிறு என்றால் தரையிலிருந்து 150 சென்டிமீட்டருக்கு மேலே சுருட்டி மாட்ட ஒரு கொக்கி அடியுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் சோபாவையும் அந்தச் சன்னலுக்குக் கீழே போடாதீர்கள், பிள்ளை ஏறிப் பிடிக்கும். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டும் நாடாவுக்கும் இதே எச்சரிக்கைதான்.

எந்த இடத்துக்கு எது

ஹாலில் இரண்டு அடுக்குத் திரைச்சீலை. பகலுக்கு மெல்லியது, இரவுக்குக் கெட்டியானது. மெல்லிய துணி பகலில் மட்டுமே மறைக்கும். உள்ளே விளக்கு எரிந்தால் தெருவிலிருந்து எல்லாம் அப்படியே தெரியும். வரிசை வீட்டில் எதிர்வீட்டுக் கதவுக்கும் நம் சன்னலுக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கிறது, ஆகவே இரவுத் திரை கட்டாயம். காசு இப்போதைக்கு ஓர் அடுக்குக்குத்தான் என்றால் கெட்டியான அடுக்கை முதலில் வாங்குங்கள். மெல்லியதைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சாமி மேடை ஹாலில் இருந்தால் அதன் பக்கத்துச் சன்னலை மட்டும் தனியாக யோசியுங்கள். குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் இருக்கும் இடத்தில் காற்றில் பறக்கும் துணி ஆபத்து. அந்தச் சன்னலுக்கு அலுமினிய வெனிசியன் போடுங்கள், இல்லையென்றால் மேடையைச் சன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். ஊதுபத்திப் புகையில் வெள்ளைத் துணி சில மாதத்தில் பழுப்பேறிவிடும் என்பதும் ஒரு காரணம்.

குசினியில் நீளத் திரைச்சீலை வேண்டவே வேண்டாம். கேஸ் அடுப்பிலிருந்து கைநீட்டும் தூரத்தில் எந்தத் துணியும் இருக்கக் கூடாது. தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றிலும் ஒட்டும், அதன்மேல் தூசி சேரும். வெனிசியனை இங்கே போட்டால் ஒவ்வொரு தகடும் பசையாகிவிடும். அடுப்பிலிருந்து விலகிய சன்னலுக்கு ஈரத்துணியால் துடைக்கக்கூடிய வினைல் பூசிய ரோலர் போதும். அடுப்புக்கு நேர் எதிரே உள்ள நாக்கோவுக்கு ஒன்றும் வேண்டாம். மங்கல் கண்ணாடித் தகடு மாற்றினாலோ, கண்ணாடியை மங்கலாக்கும் பனி ஸ்டிக்கர் ஒட்டினாலோ மறைப்பு கிடைத்துவிடும். குளியலறைக்கும் இதேதான்.

படுக்கையறையில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர் இருந்தால் இருட்டுத் துணித் திரைச்சீலை தேவை. கம்பியைச் சன்னலைவிட இரு பக்கமும் எட்டு அங்குலம் கூடுதலாக விட்டு, துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் ஓர வெளிச்சமும் குறையும். ரோலரால் இது முடியாது. இரண்டையும் சேர்த்து, குழிக்குள் ரோலரும் வெளியே திரைச்சீலையும் போடுபவர்கள் உண்டு. கிரில் இடம் கொடுத்தால் செய்யலாம்.

அளவெடுப்பது

இரும்பு அளவு நாடாவை எடுங்கள். தையல் நாடா நீளும். தையற்காரரே வந்து அளந்தாலும் நீங்களும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

நான்கடி அகலம், அதாவது 48 அங்குலச் சன்னலை எடுத்துக்கொள்வோம். கம்பி இரு பக்கமும் எட்டு அங்குலம் கூடுதல் என்றால் 64 அங்குலம். திரைச்சீலை மடிப்பு மடிப்பாக விழ, கம்பி நீளத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வேண்டும், ஆக 128 அங்குலம். சன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து ஏழடி என்றும், கம்பியை அதற்கு ஆறு அங்குலம் மேலே அடிக்கிறோம் என்றும் வைத்துக்கொண்டால், தைத்து முடித்த உயரம் 90 அங்குலம் வரும். துணி கம்பிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும், தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி இருக்கும். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 5 சேர்த்தால் வெட்டும் உயரம் 99 அங்குலம், ஏறத்தாழ இரண்டரை மீட்டர்.

இனி துணியின் அகலத்தைப் பொறுத்து கணக்கு மாறும். 60 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு வெட்டினால், ஓர மடிப்பு போகச் சுமார் 112 அங்குலம் மிஞ்சும். கம்பி நீளத்தைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு. போதுமானதுதான், துணியும் ஐந்து மீட்டருக்குச் சற்று மேலே முடிந்துவிடும். முழு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் மூன்று துண்டு, ஏழரை மீட்டர், நடுவில் ஒட்டுத்தையல். 280 சென்டிமீட்டர் அகலத் துணி கிடைத்தால் அந்த அகலமே உயரமாகிவிடும். 128 அங்குலத்தோடு ஓர மடிப்புக்கு 8 சேர்த்து 136 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டர் வாங்கினால் ஒட்டே இல்லாமல் தைக்கலாம். கடையில் மீட்டர் விலையை மட்டும் பார்த்து "இது மலிவு, அது விலை" என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் மொத்தம் போட்டுப் பாருங்கள். அகலத் துணி பல நேரம் மலிவாக முடியும். பெரிய பூ, கட்டம் போட்ட துணியில் மட்டும் கவனம். குறுக்கே திருப்பினால் பூ படுத்துக்கொள்ளும்.

வளையம் பதித்த திரைச்சீலை தைக்கச் சொன்னால், ஒவ்வொரு துண்டிலும் வளையங்கள் இரட்டைப்படை எண்ணில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் இரு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும்.

பிளைண்டுக்குக் குழிக்குள் அளவென்றால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததைக் கொடுங்கள். நம் வீடுகளில் பூச்சு நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கொடுப்பது குழியின் அளவா, பிளைண்டின் அளவா என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். குழியின் அளவென்றால் கடையே கொஞ்சம் குறைத்து வெட்டும். இருவரும் குறைத்தால் பிளைண்ட் சிறுத்துப் போகும். சுவரின் மேல் மாட்டுவதற்கு இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூட்டுங்கள்.

பிளைண்டின் விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். சின்னச் சன்னலாக இருந்தாலும் குறைந்தது இத்தனை சதுர அடிக்குக் காசு என்று பல கடைகளில் ஒரு கணக்கு இருக்கும். குளியலறை அளவுச் சன்னலுக்கு அது வீண் செலவு. ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதையும், மாட்டும் கூலி சேர்த்தியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி வாங்கப் போகும்போது

சின்ன ஊர்க் கடையிலும் இரவுச் சந்தையிலும் தைத்து முடித்த திரைச்சீலை கிடைக்கும். வாடகை வீட்டுக்கு அது தாராளமாகப் போதும், உயரம் மட்டும் பார்த்து வாங்குங்கள். பல சன்னலுக்குத் துணியாக எடுக்க வேண்டுமென்றால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் போகலாம். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து காரில் போவதாக இருந்தால் நெகிரி செம்பிலானில் உள்ள நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகள் பயணச் செலவுக்கு ஈடு கொடுக்கும்.

பாலியஸ்டர்தான் நம் வீட்டுக்குச் சரி. சுருங்காது, சீக்கிரம் காயும், பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. பருத்தி தொடுவதற்கு நன்றாக இருக்கும், காற்றையும் விடும், ஆனால் துவைத்தால் சுருங்கும். பருத்திதான் வேண்டுமென்றால் தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காய வையுங்கள். வெல்வெட் போன்ற கனத்த துணி நம் ஈரத்தில் வாடை பிடிக்கும், துவைப்பதும் பெரும்பாடு. துணியைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எவ்வளவு ஊடுருவுகிறது என்று தெரியும்.

தீபாவளிக்குப் புதுத் திரை வேண்டுமென்றால் ஆறேழு வாரத்துக்கு முன்பே துணியைத் தையலுக்குக் கொடுங்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னும் தையற்கடைகளில் இதே நெரிசல் இருக்கும். ஊரிலேயே வீட்டில் தைக்கும் அக்கா யாராவது இருந்தால் அவரிடம் கொடுப்பதை நான் விரும்புவேன். உயரம் தவறினால் மறுநாளே மாற்றித் தருவார், காசும் ஊருக்குள்ளேயே இருக்கும்.

மாட்டுவது

செங்கல் சுவரானால் சன்னலுக்கு மேலே ஒரு கான்கிரீட் பீம் ஓடும். சாதாரண டிரில் அதில் இறங்காது. ஹேமர் டிரில் வேண்டும், கான்கிரீட்டுக்கான முனை வேண்டும், பிளாஸ்டிக் பிளக் வேண்டும். துளை எங்கே என்று பென்சிலால் குறித்து, நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். கூரையைப் பார்த்து நேர் பிடித்தால் கோணலாகத்தான் வரும். ஐந்தடிக்கு மேல் நீளமான கம்பிக்கு நடுவிலும் ஒரு தாங்கி அடியுங்கள். இரண்டு அடுக்கு கெட்டித் துணியின் எடையில் நடு தொய்ந்துவிடும்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் துளை போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பலகைச் சுவரில் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, அதில் திருகுங்கள். வெறும் பலகையில் அடித்த ஆணி துணியோடு விழும். துளையே கூடாது என்றால் இரு சுவருக்கும் நடுவே நெருக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி மெல்லிய துணியைத் தாங்கும்.

மாட்டிய பிறகு

லோரித் தூசியும் ஆலைப் புகையும் வரும் இடத்தில் தெருப்பக்கத் திரைச்சீலையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கும். சுமத்ராப் பக்கத்திலிருந்து புகைமூட்டம் வந்த வருடங்களில் இன்னும் அடிக்கடி. பாலியஸ்டரைத் துவைத்து, ஈரத்தோடே கம்பியில் மாட்டிச் சன்னலைத் திறந்துவிட்டால் தன் எடையிலேயே சுருக்கம் நீங்கிக் காய்ந்துவிடும், இஸ்திரி தேவையில்லை. பின்புறம் பூச்சு உள்ள இருட்டுத் துணியை வெந்நீரில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். அடைமழைக் காலத்தில் மூடியே கிடக்கும் திரையின் பின்புறம் கறுப்புப் புள்ளி வந்தால் அது பூஞ்சணம். பகலில் ஒதுக்கி வைத்துச் சுவருக்குக் காற்று காட்டுவதே மருந்து.

டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருட்டான, குளிர்ந்த மூலைகளில் ஒதுங்கும். தரை வரை தொங்கும் கெட்டித் திரையின் பின்புறமும் அதில் ஒன்று. அதற்காகத் திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் நன்றாக உதறி, இழுத்து ஒதுக்கிக் கட்டுங்கள், மாலை விளக்கு வைத்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். சுகாதாரத் துறையினர் புகை மருந்து அடிக்க வரும் நாளில் சன்னலைத் திறக்கச் சொல்வார்கள். அன்றைக்கு எல்லாத் திரையையும் கம்பிக்கு மேல் தூக்கிப் போட்டு, பிளைண்டை முழுக்க ஏற்றி வையுங்கள், மருந்து சுவர் வரை போகட்டும்.